வெடித்த குதிரையின் உப்பு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டர் மீனலோசனி. உலை பார்க்கும் ஜெயகாந்தன், அமராவதிபுதூர்க்காரர். என் காலஞ்சென்ற தம்பியின் மகள் தீபலட்சுமி, அங்கே ஆராய்ச்சி செய்பவள். என் மனைவி நாச்சியார். எங்கள் ஊர் அய்யனாருக்குக் குதிரை செய்யும் ஆசைத்தம்பி வேளார். ஆறாவது ஆள் உடையப்பனாகிய நான். என் மைத்துனன் முத்தரசு தானும் உள்ளே இருந்ததாகக் காரைக்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வெளியே வேப்பமரத்தடியில் காருக்குள் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

மேசைமேல் ஒரு குதிரைக் குளம்பு இருந்தது. சுட்ட மண் குளம்பு, இடது முன்னங்கால். எல்லாம் அதைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் கீழச்சிவல்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. அய்யனாருக்குப் புரவி எடுக்கிற வருஷத்தில், கண்மாய்க் களிமண்ணில் முதல் பிடியை எடுத்து வேளார் கையில் கொடுக்கிற உரிமை எங்கள் வீட்டுக்கு உரியது. அதைப் பிடிமண் என்போம். பிடிமண் கை மாறிய பிறகுதான் வேளார் மண்வெட்டியைத் தொடுவார். என் அப்பா போன பிறகு நாற்பத்தோரு வருஷமாக அந்த மண்ணைக் கொடுப்பது என் கை.

இந்த வைகாசியில் கண்மாய் வறண்டு கிடந்தபோது தீபலட்சுமி வந்தாள். சத்தமே இல்லாத ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"பெரியப்பா, நம்ம கண்மாய்ல பத்துக் கிலோ களிமண் வேணும்."

"எதுக்கு?"

"லித்தியம் இருக்கான்னு பாக்க."

"அது என்னத்தா?"

"உங்க போன் பேட்டரிக்குள்ள இருக்குறது. இந்தா நான் ஏறி வந்த வண்டிக்குள்ள இருக்குறது. உலோகத்துலயே ரொம்ப லேசானது பெரியப்பா. எண்ணெயில போட்டா மெதக்கும்."

"இரும்பு மாதிரி உலோகமா? எண்ணெயிலயா?"

"கத்தியால வெட்டலாம். வெண்ணெய் வெட்டுற மாதிரி."

எழுபத்து நாலு வயதில் ஒருவன் எதையாவது புதிதாகக் கேட்டால் உடனே வாயைத் திறந்துவிடக் கூடாது. அவள் மேலும் சொன்னாள். வெளிநாடுகளில் சில இடங்களில் அது களிமண்ணுக்குள் இருக்கிறதாம். களிமண் என்பது பார்வைக்குத்தான் சேறு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமாம், தட்டுகளின் உடம்புக்குள் அந்த லித்தியம் மாட்டிக்கொண்டிருக்குமாம். தண்ணீர் ஊற்றினால் வராது. உப்புச் சேர்த்துச் சுட வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் ஊற்ற வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பதினேழு கண்மாய்களின் மண்ணைச் சோதிக்கிறார்கள். எங்கள் கண்மாய் பதினொன்றாவது.

"பஞ்சாயத்துல கேட்டியா?"

"எழுதி வாங்கியாச்சு."

"எங்கிட்ட வாங்கலயே."

அவள் சிரித்தாள். "அதுக்குத்தான பெரியப்பா வெயில்ல வந்து நிக்கிறேன்."

"அந்தக் கண்மாய் மண்ணு எங்க போனாலும் என் கையால பிடிமண்ணாத்தான் போகும். நானே எடுத்து அனுப்புறேன்."

"சரி. ரெண்டு அடிக்குக் கீழ எடுக்கணும். வேற எதுவும் கலக்கக் கூடாது."

"எனக்கா சொல்ற?" என்றேன்.

அன்று சாயங்காலம் தனியாகக் கண்மாய்க்குள் இறங்கினேன். சேறு காய்ந்து, பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக மிதித்த தரை. அன்றைக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எண்ணெயில் மிதக்கும் உலோகம் ஒன்று என் காலுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், கண்மாய் வெட்டுவதற்கு முன்னாலிருந்தே கிடக்கலாம் என்று ஒரு பெண் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் மண் எடுத்தேன். அங்கேதான் தவறு செய்தேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு விதி உண்டு. சூளையில் ஒரு குதிரை வெடித்துவிட்டால் அதைக் கோயிலில் வைக்கக் கூடாது, எறியவும் கூடாது. பிடிமண் கொடுத்த வீட்டுக்கே சில்லுகள் திரும்பி வரும். அவற்றை இடித்துத் தூளாக்கிப் பானையில் மூடி வைப்போம். அடுத்த முறை பிடிமண் கொடுக்கும்போது அதில் ஒரு சிட்டிகை கலப்போம். நிற்க முடியாமல் போன குதிரை அடுத்த குதிரைக்குள் போய் நிற்கும் என்பது கணக்கு. விதியின் மறுபாதி: குதிரை வெடித்ததை வெளியாள் யாருக்கும் சொல்லக் கூடாது. பிடிமண் கொடுத்தவன் கையில் குறை என்று அதற்கு அர்த்தம். என் அப்பா காலத்தில் ஒன்று வெடித்தது. எனக்கே அது அவர் சாகப்போகும் சமயத்தில்தான் தெரிந்தது.

என் காலத்திலும் ஒன்று வெடித்தது. நாலு வருஷத்துக்கு முந்திய புரவி எடுப்பில். மேலவீட்டார் கோயிலுக்கு எடுக்கும் குதிரை எட்டடி என்று கேள்விப்பட்டு, எங்களுடையது ஒன்பதடி இருக்க வேண்டும் என்றேன்.

"ஐயா, கால் தாங்காது," என்றார் வேளார்.

"தாங்க வைங்க."

உவர்மண் சேர்த்தால் களிமண் சூட்டில் சீக்கிரம் இறுகும். வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, அந்த உப்புப் படிந்த மண். வேளார் வழக்கமாகக் குதிரைக்கால் மண்ணில் ஒரு பங்கு சேர்ப்பார். அந்த முறை என் பேச்சுக்காக இரண்டு பங்கு சேர்த்தார். சூளையைப் பிரித்தபோது இடது முன்னங்காலில் தொடங்கிய வெடிப்பு கழுத்துவரை ஓடியிருந்தது. பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று வேளார் சுட்டு வைத்திருந்த எட்டடிக் குதிரைக்கு வர்ணம் அடித்து மாலை போட்டு நிறுத்தினோம். யாரும் அளந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக் குதிரைதான் எடுப்பு என்று ஊரே சொன்னது. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் குதிரையின் கால்களை இடித்த தூள்தான் பானையில் இருந்தது. தீபலட்சுமிக்குக் கொடுக்கும் மண்ணும் பிடிமண் என்றால் அதில் தூள் சேராமல் எப்படி? ஒரு பிடிக்கு ஒரு சிட்டிகை என்றால் ஒரு மூட்டைக்கு? பானையைக் கவிழ்த்து முழுவதையும் கொட்டிக் கலந்தேன். வேறு எதுவும் கலக்கக் கூடாது என்று அவள் சொன்னது காதில் இருந்தது. குதிரைத் தூள் எனக்கு வேறாகப் படவில்லை. அதே கண்மாய், அதே மண், அதே கை.

பதினைந்து நாள் கழித்துப் போன் வந்தது.

"பெரியப்பா! நம்ம மண்ணு வெறும் வெந்நீர்லயே விட்டுருச்சு!"

"என்னத்த விட்டுச்சு?"

"லித்தியத்த! அமிலம் இல்ல, உலை இல்ல, வெறும் வெந்நீர்! பதினாறு கண்மாய் மண்ணும் கம்முன்னு இருக்கு. நம்மது மட்டும் தானா வந்து கொடுக்குது. இப்படி எங்கயும் நடந்ததில்ல பெரியப்பா, மேடமே ரெண்டு தடவ பாத்தாங்க!"

அன்றைக்கு நான் நடந்த நடையை நாச்சியார் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். கண்மாய்க்கரை டீக்கடையில் யாரும் கேட்காமலே சொன்னேன். எங்கள் கையால் கொடுத்த மண் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்து ஆட்கள் தாங்களே வந்து, அதே குழியில், அதே ஆழத்தில் இன்னொரு மூட்டை எடுத்துப் போனார்கள். அதை வெந்நீரில் கலக்கினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி கலக்கினார்கள். ஒன்றும் வரவில்லை.

ஒரே குழி மண் இரண்டு விதமாகப் பேசாது. அப்படியானால் முதல் மூட்டையில் யாரோ லித்தியம் உப்பைப் போட்டிருக்க வேண்டும். அது யார் கையில் இருந்தது? தீபலட்சுமி கையில். யார் ஊர் மண்? அவள் ஊர் மண். பெயர் வாங்க யாருக்கு ஆசை இருக்கும்? டாக்டர் மீனலோசனி சத்தம் போடுகிறவர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தோம் என்று அவள் படித்த இடத்துக்கும் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னாராம். அப்படி ஒரு கடிதம் போனால் அந்தத் தொழிலில் அவளை யாரும் சேர்க்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தீபலட்சுமி வந்தாள். கண் வீங்கியிருந்தது. உட்காரவில்லை.

"பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மண்ணுல நீங்க வேற எதுவும் போடலயே?"

"பிடிமண்தான் கொடுத்தேன்," என்றேன்.

அந்த வார்த்தையில் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

"நீங்க சொன்னாச் சரி பெரியப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள். திருப்பிக் கேட்கவில்லை. சந்தேகமாக ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அந்த வண்டிக்குச் சத்தம் இல்லாததால் அவள் தெருமுனை தாண்டியது எனக்குத் தெரியவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் முத்தரசு வந்தான்.

"மச்சான், காரைக்குடியில பேச்சு நல்லா இல்ல. நம்ம பொண்ணு மண்ணுல உப்பக் கொட்டி ஏமாத்திருச்சாம்."

"யாருடா சொன்னது?"

"எல்லாருந்தான். நான் விடுவனா? எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கொழம்புக்கே உப்புப் போடத் தெரியாது, மண்ணுக்கா போடப் போகுதுன்னு கேட்டேன். சிரிச்சாக. ஆனா நம்பல."

அவன் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு நாச்சியார் அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

"உள்ரூம்ல ஒரு பான மூடியோட இருந்துச்சு. வைகாசியில இருந்து காலியாக் கெடக்கு. நான் கேக்கல. இப்பக் கேக்குறேன். அந்தத் தூள எங்க கொட்டினீக?"

நான் மாடத்தில் இருந்த விசிறியை எடுத்தேன்.

"மூட்டையிலயா?"

"பிடிமண்ணுன்னா சேக்கணும்ல."

"பிள்ளகிட்டச் சொன்னீகளா?"

"எப்படிச் சொல்றது? குதிர வெடிச்சதச் சொல்லணும். ஏன் வெடிச்சதுன்னு கேப்பாக. ஒம்போதடி கேட்டதச் சொல்லணும். வேற குதிரையக் காட்டி ஊர ஏமாத்துனதச் சொல்லணும். இத்தன தலமுறையா இந்த வீட்டுக்கு இருக்குற..."

"குதிரைக்கு வேற குதிர இருந்துச்சு," என்றாள் நாச்சியார். "வர்ணம் அடிச்சு நிறுத்துனீக. இந்தப் பிள்ளைக்கு வேற பிள்ள வச்சிருக்கீகளா, நிறுத்துறதுக்கு?"

நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வேளார் வீட்டுக்குப் போனேன்.

ஆசைத்தம்பி வேளார் ஏதோ ஓட்டலுக்கு நூறு பூந்தொட்டி என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்தார். இந்த ரகசியம் அவருக்கும் பாதி சொந்தம். அவரைக் கேட்காமல் உடைக்க எனக்கு உரிமை இல்லை.

சொன்னேன். சக்கரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"சொல்லுங்கய்யா. பிள்ள பாவம். ஆனா உவர்மண்ணு ரெண்டு பங்கு போட்டது நானு. வேளாருக்கு மண்ணு தெரியலம்பாக."

"போடச் சொன்னது நான்னு சொல்றேன்."

"அப்படியே சொல்வீகளா?"

"அப்படியே."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்தார். "இது ஒண்ண மட்டும் உங்களுக்கு அனுப்பல. இடிக்க முடியல, உலக்கைதான் தெறிச்சுச்சு. கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்."

பிரித்தால் குளம்பு. கருஞ்சிவப்பாக, கல்லைப்போல் இறுகியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறைக்குள் போனோம். டாக்டர் மீனலோசனி எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. இப்படிப்பட்டதை நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். ஒன்பதடி கேட்டதிலிருந்து பானையைக் கவிழ்த்ததுவரை சொன்னேன். தீபலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேளார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா சொல்றத நான் நம்புறேன்," என்றார் மீனலோசனி. "ஆனா நம்பிக்கைய அறிக்கையில எழுத முடியாது. உவர்மண் உப்போட சுட்டதாலதான் வெந்நீர்ல விட்டுச்சான்னு இந்தக் குளம்பு சொல்லட்டும்."

ஜெயகாந்தன் குளம்பை இரும்பு யந்திரத்தில் போட்டு நொறுக்கினார். இரண்டு கிலோ இருந்தது. பவுடராகச் சலித்து வெந்நீரில் கொட்டினார்கள். பக்கத்திலேயே இன்னொரு பாத்திரத்தில் அதே எடை பச்சைக் களிமண், ஆட்கள் எடுத்து வந்த இரண்டாவது மூட்டையிலிருந்து. இரண்டிலும் துடுப்பு ஒன்றுபோலச் சுழன்றது. ஒரு மணி நேரம். பிறகு வடிகட்டினார்கள். இரண்டிலும் தெளிந்த தண்ணீர்தான் இறங்கியது. எனக்கு இரண்டும் கிணற்றுத் தண்ணீராகவே தெரிந்தன. வேறு என்ன உப்பு இருந்தாலும் முதலில் நீக்க வேண்டும் என்று தீபலட்சுமி எதையோ சேர்த்தாள், வடித்தாள், சுண்டவைத்தாள். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். மீனலோசனி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. நாச்சியார் கட்டி வந்த புளிச்சோறு மூட்டை அவிழ்க்காமலே இருந்தது.

மூன்று மணி வாக்கில் குளம்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குச் சுண்டிவிட்டது. தீபலட்சுமி சலவைச் சோடாவைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"இப்பச் சூடேத்துவோம்," என்றாள்.

"சூடேத்துனா உப்புக் கரைஞ்சுல்ல போகும்?" என்றாள் நாச்சியார்.

"மத்த உப்பெல்லாம் அப்படித்தான் பெரியம்மா. இது தலகீழு. சூட்டுலதான் வெளிய வரும்."

கொதி வந்தது. கண்ணாடிக்குள் முதலில் லேசாகப் புகை படிந்ததுபோல் இருந்தது. பிறகு அந்தத் தெளிந்த தண்ணீருக்குள்ளேயே, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், வெள்ளை பிறந்தது. கொதி வந்த பிறகு யாரும் ஒன்றும் போடவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்று வந்துகொண்டே இருந்தது. மெதுவாக இறங்கி அடியில் படிந்தது. பச்சை மண் தண்ணீரையும் அதே மாதிரி கொதிக்க வைத்தார்கள். அது தெளிந்தே கிடந்தது. கடைசிவரை தெளிந்தே கிடந்தது.

மீனலோசனி நிமிர்ந்து தீபலட்சுமியின் தோளில் கை வைத்தார்.

வெள்ளையை வடித்துக் காயவைத்தபோது மூன்று கிராம் இருந்தது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் வராது. ஒன்பதடி கேட்ட என் கர்வத்தில் ஒரு குளம்பு அளவுக்குத் தேறியது அவ்வளவுதான்.

"திரையை இழுங்க," என்றார் மீனலோசனி. ஜெயகாந்தன் ஜன்னல்களை மூடினார். நீலச் சுடர் ஒன்றை ஏற்றினார்கள். தீபலட்சுமி ஒரு கம்பியின் நுனியால் அந்தப் பொடியில் கடுகளவு தொட்டுச் சுடருக்குள் நீட்டினாள்.

சுடர் சிவந்தது.

அடுப்புத் தீ எனக்குத் தெரியும். சூளைத் தீயும் தெரியும். காடு பற்றி எரிந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இது அவை எதுவும் இல்லை. மாதுளை முத்து ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஒரு சிவப்பு நிற்குமே, அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆறு பேர் முகத்திலும் அந்த நிறம் விழுந்தது. எங்கள் கண்மாயில் மழை விழுந்த நாளெல்லாம், வறண்டு பிளந்த நாளெல்லாம், பிள்ளைகள் மீன் பிடித்து மாடுகள் படுத்துப் புரண்ட நாளெல்லாம் இது உள்ளே இருந்திருக்கிறது. என் அப்பா பிடித்த பிடியிலும், என் பிடியிலும் இருந்திருக்கிறது. நாற்பத்தோரு வருஷம் கையில் வைத்திருந்து கொடுத்திருக்கிறேன். என்ன கொடுக்கிறேன் என்று தெரியாமல்.

வேளார் கை கூப்பியிருந்தார். நாச்சியார் யாரையும் கேட்காமல் குலவையிட்டாள். ஆய்வுக்கூடத்தில் அந்தச் சத்தம் என்னவோ போல் இருந்தது. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. வெளியே காருக்குள் தூங்கிய முத்தரசு அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறான்.

விளக்குப் போட்ட பிறகு மீனலோசனி வேளாரிடம் திரும்பினார். அவர் முகம் மாறியிருந்தது. விசாரிக்கிறவர் முகமாக இல்லை.

"உவர்மண்ணு ரெண்டு பங்குன்னீங்க. சூளையில சூடு எவ்வளவு?"

"சூடு எண்ணுல தெரியாதும்மா. துவாரம் வழியாப் பாத்தா நெறம் சொல்லும்."

ஜெயகாந்தன் அவரை உலைப்பக்கம் கூட்டிப்போனார். சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்க்கச் சொல்லிவிட்டுச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார். ரொம்ப நேரம் ஆனது. வேளார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் குனிந்திருந்தார்.

"இன்னும்... இன்னும் வரட்டும்... இது செங்கலுக்குத்தான் ஆகும். இன்னும்... ம். இங்ஙன நிறுத்துங்க தம்பி. குதிரைக்கு இதான்."

ஜெயகாந்தன் எண்ணைப் படித்தார். "எண்ணூத்தி எழுபது." பிறகு மீனலோசனியைப் பார்த்தார். "மேடம், நாம நாலு மாசமா இந்தச் சூட்டத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

"உங்க உவர்மண்ணு கொஞ்சம் வேணும்," என்றார் மீனலோசனி.

"ஐயா வீட்டுக் கொல்லையில பூத்துக் கெடக்கு," என்றார் வேளார். "அள்ளுறதுக்கு முன்னாடி ஐயாகிட்டக் கேட்டுக்கங்க. கையாலதான் தருவாக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நாச்சியார் சொல்கிறாள்.

இரண்டு நாளில் அவர்கள் பச்சைக் களிமண்ணில் இரண்டு பங்கு உவர்மண் சேர்த்து, அந்தச் சூட்டில் சுட்டு, வெந்நீரில் போட்டுப் பார்த்தார்கள். வந்தது. தீபலட்சுமியின் அறிக்கையில் முதல் மூட்டையைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: அதில் ஏற்கெனவே சுடப்பட்ட களிமண் கலந்திருந்தது, கொடுத்தவர் அதை நேரில் வந்து தெரிவித்தார். என் பெயரும் இருக்கிறது. கடிதம் எதுவும் எங்கும் போகவில்லை. கண்மாயில் இருப்பது தோண்டி எடுக்கும் அளவுக்கு இல்லை, எடுக்கும் வழிதான் பெரிது என்று மீனலோசனி பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்று வெளியே வரும்போது தீபலட்சுமி என் கூட நடந்தாள்.

"பெரியப்பா, செவ்வாக்கெழமையே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்," என்றேன்.

அவள் கார் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பிடிமானம் தேவையில்லை. இருந்தாலும் விடவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது ஊரில் வேறு ஒரு பேச்சு நடக்கிறது. எங்கள் வீட்டின் மேல் மரியாதை உள்ளவர்கள்தான் அதைப் பேசுகிறார்கள். முத்தரசும் அதில் சேர்த்தி. உடையப்பன் வீட்டுக் குதிரையாவது வெடிக்கிறதாவது, தம்பி மகளைக் காப்பாற்ற அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், என்ன இருந்தாலும் பெரிய மனுசர் என்று. கல்யாண வீட்டில் ஒருவர் இதைச் சொல்லி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அது உண்மை இல்லை. குதிரை வெடித்தது. இடது முன்னங்காலில் தொடங்கிக் கழுத்துவரை வெடித்தது. நான் பார்த்தேன். ஒன்பதடி கேட்டது நான். கோயிலில் நிற்பது எட்டடி. சந்தேகம் இருப்பவர்கள் போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.